கண்ணில் விட்ட சொட்டு மருந்து நாடித்துடிப்பைக் குறைக்குமா?

கோவைக்காரி

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 71 வயது. பிபிக்கு மெட்டோபுரொலால் 50 மில்லிகிராம் பல வருடமாக எடுக்கிறார், ஒரு தொந்தரவும் இருந்ததில்லை. போன மாதம் கண்ணில் நீர் அழுத்தம் அதிகம் என்று காலையும் ராத்திரியும் ஒவ்வொரு சொட்டு விட ஒரு மருந்து கொடுத்தார்கள். அதற்கப்புறம்தான் மாடிப்படி ஏறினால் கண் இருட்டுகிறது, உட்கார்ந்து எழுந்தால் தள்ளாடுகிறது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் ஆக்சிஜன் 97, துடிப்பு 46. மிஷின் கெட்டுப்போயிருக்குமோ என்று என் விரலில் மாட்டினேன், 82 காட்டியது. பக்கத்துத் தெரு டாக்டர் ஈசிஜி எடுத்துவிட்டு, “சைனஸ் பிராடிகார்டியா, பிஆர் கொஞ்சம் நீண்டிருக்கிறது, வயசுக்கு இப்படி வரும்” என்றார். சொட்டு மருந்து பாட்டிலில் டைமோலால் 0.5% என்று போட்டிருக்கிறது. கண்ணில் விடுவதற்கும் இதயத்துக்கும் சம்பந்தம் இருக்க முடியுமா?

சும்மா_வந்தேன்

ஒரு சொட்டில் என்ன இருந்துவிடப் போகிறது? லட்சக்கணக்கான பேர் விடுகிறார்கள். வயசானால் துடிப்பு குறையத்தான் செய்யும். நெட்டில் தேடிப் பயந்துகொள்ளாதீர்கள்.

பழைய_ஸ்டெத்

கோவைக்காரி அம்மா, சம்பந்தம் நன்றாகவே இருக்கிறது. செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன், விளக்கம் அப்புறம். கண் டாக்டர், பிபி டாக்டர் இரண்டு பேருக்கும் இன்றைக்கே போன் போட்டு, “டைமோலாலும் விடுகிறார், மெட்டோபுரொலாலும் சாப்பிடுகிறார், துடிப்பு 46, கிறுகிறுப்பு இருக்கிறது” என்று ஒரே மூச்சில் சொல்லுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். சொட்டை நிறுத்தினால் கண் அழுத்தம் ஏறும், கண் அழுத்த நோயான கிளாகோமாவில் போன பார்வை திரும்பாது. மெட்டோபுரொலாலைப் பட்டென்று நிறுத்துவது வேறு வம்பு. மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ போனெல்லாம் வேண்டாம், நேராக எமர்ஜென்சிக்குப் போய்விடுங்கள்.

சரி, விளக்கம். டைமோலாலும் மெட்டோபுரொலாலும் ஒரே குடும்பம், பீட்டா பிளாக்கர், அதாவது அட்ரினலின் போய் உட்காரும் பீட்டா ஏற்பிகளை அடைக்கும் மருந்து. 0.5% என்றால் ஒரு மில்லியில் 5 மில்லிகிராம். ஒரு சொட்டு என்பது ஒரு மில்லியில் சுமார் இருபதில் ஒரு பங்கு. ஆக, ஒரு சொட்டில் கால் மில்லிகிராம் வரும். இதே மருந்தை மாத்திரையாகக் கொடுத்த காலத்தில் ஒரு வேளைக்கு 10 மில்லிகிராம் கொடுத்தார்கள், அதனால் கால் மில்லிகிராம் தூசு என்றுதான் தோன்றும். ஆனால் ஒரு சொட்டு முழுக்கக் கண்ணுக்குள் நிற்க இடம் கிடையாது. மிச்சம் உள்மூலையில் இருக்கும் சிறு துளை வழியாக மூக்குக்குள் இறங்குகிறது, அழுதால் மூக்கு ஒழுகுவதும் அந்த வழியில்தான். மூக்கின் உள்சவ்விலிருந்து நேரே ரத்தம். விழுங்கிய மாத்திரை முதலில் கல்லீரலைத் தாண்ட வேண்டும், அங்கே ஒரு பெரும்பங்கு அழிந்துவிடும். மூக்கு வழியாகப் போனதற்கு அந்தக் கழிவு கிடையாது.

இன்னொன்று, இந்த இரண்டு மருந்தையும் கல்லீரலில் கரைப்பது பெரும்பாலும் ஒரே நொதி. சிலருக்கு அது பிறவியிலேயே மந்தம். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் பராக்ஸெட்டின், ஃப்ளுவாக்ஸெட்டின் மாதிரி மாத்திரைகளும் அதை மந்தமாக்கும். அம்மா அப்படி ஏதாவது சாப்பிடுகிறாரா என்றும் பாருங்கள்.

சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய உள்மூலையை விரல் நுனியால் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தால் ரத்தத்துக்குப் போகும் அளவு நன்றாகக் குறையும். இதைச் சொல்லிக் கொடுக்க அரை நிமிடம் போதும். ஓபியில் அந்த அரை நிமிடம்தான் கிடைப்பதில்லை.

சும்மா_வந்தேன் சொல்வதிலும் பாதி சரி. 1978-லிருந்து கிளாகோமாவுக்குப் புழங்கும் மருந்து இது, பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் ஆஸ்துமா இருப்பவர், ஏற்கெனவே துடிப்பு குறைந்தவர், இதயத்தில் மின்தடை உள்ளவர், பீட்டா பிளாக்கரோ, துடிப்பைக் குறைக்கும் வெரபமிலோ சாப்பிடுகிறவர் என்றால் கதை வேறு.

இரண்டாம்_ஆண்டு

சார், நான் எம்பிபிஎஸ் இரண்டாம் வருடம். ஆரோக்கியமான ஆட்களை உட்கார வைத்து புரோபிரனலால் என்ற பீட்டா பிளாக்கரைக் கொடுத்தால் துடிப்பு கொஞ்சம்தான் குறையும் என்று பார்மகாலஜியில் படித்தோம். அப்படியிருக்க இந்த அம்மாவுக்கு மட்டும் எப்படி 46 வரை போனது? இதயத்துக்கு வேகஸ் நரம்பு பிரேக், பரிவு நரம்பு ஆக்சிலரேட்டர் என்று சொல்லித்தருகிறார்களே, அதை வைத்து யோசித்தால் இது பிடிபடவில்லை.

பழைய_ஸ்டெத்

தம்பி, அந்த உவமையில் ஒன்றைச் சேர்த்துக்கொள். இந்த வண்டியில் இரண்டு காலும் எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கின்றன. எந்தக் கால் எவ்வளவு அழுத்துகிறது என்பதுதான் நேரத்துக்கு நேரம் மாறுகிறது.

இதயத்தில் துடிப்பைத் தொடங்கி வைக்கும் எஸ்ஏ கணுவை நரம்பே இல்லாமல் தனியாக விட்டால், இளவயதில் நிமிடத்துக்கு 100 அளவில் துடிக்கும். வயது ஏற ஏற அந்தத் தன்வேகம் இறங்கும். நீ இப்போது உட்கார்ந்திருக்கும்போது 70 இருக்கும். அந்த 30-ஐ விழுங்கியது வேகஸ், அதாவது எதிர்ப்பரிவு நரம்பு. அதன் முனையிலிருந்து அசிட்டைல்கோலின் வந்து கணுவின் எம்2 ஏற்பியில் உட்கார்கிறது. பொட்டாசியம் வாசல் திறக்கிறது, செல் அடுத்த துடிப்புக்கு ஏறி வர நேரமாகிறது. பரிவு நரம்பிலிருந்து வரும் நார்அட்ரினலின் பீட்டா1 ஏற்பியில் உட்கார்ந்தால் செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி கூடி, அந்த ஏற்றம் விரைவாகிறது. வேகஸின் வேலை அடுத்த துடிப்பிலேயே தெரிந்துவிடும். பரிவு நரம்பின் வேலை தெரிய சில நொடிகள் பிடிக்கும்.

நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கும் இருபது வயதுக்காரனுக்குப் பரிவு நரம்பு ஓய்ந்து கிடக்கிறது. ஓய்ந்து கிடப்பதைத் தடுத்து என்ன ஆகப் போகிறது? அதே ஆளை மூன்று மாடி ஓடவிட்டுப் பார், மாத்திரை போட்ட நாளுக்கும் போடாத நாளுக்கும் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். உட்கார்ந்திருக்கும் அவனுக்கே வேகஸைத் தடுக்கும் அட்ரோபின் கொடுத்தால் துடிப்பு 30, 40 ஏறும், ஏனென்றால் அந்த நேரத்தில் ஓங்கியிருப்பது வேகஸின் கை. 71 வயதில் நிலைமை தலைகீழ். கணு தளர்ந்திருக்கும், வேகஸின் பிடியும் தளர்ந்திருக்கும். பல முதியவர்களுக்குப் பரிவு நரம்பின் தாங்கலில்தான் கணு ஓடுகிறது. அந்தத் தாங்கலில் ஒரு பங்கை மாத்திரை எடுத்தது, மிச்சத்தைச் சொட்டு எடுத்துக்கொண்டது. ஈசிஜியில் பிஆர் என்பது துடிப்பு மேலறையிலிருந்து கீழறைக்குப் போக ஆகும் நேரம். அது நீண்டது எப்படி என்றால், வழியில் இருக்கும் ஏவி கணுவிலும் இதே நரம்புகளின் ஆட்சிதான்.

அதனால் மருந்தின் பெயரை மட்டும் வைத்துத் துடிப்பு இத்தனை குறையும், இத்தனை ஏறும் என்று சொல்ல முடியாது. அந்த ஆளுக்கு, அந்த நேரத்தில், எந்த நரம்பின் கை ஓங்கியிருக்கிறது என்பதை முதலில் கேட்க வேண்டும். முப்பது வருடம் வார்டில் பையன்களிடம் நான் கேட்டு நச்சரித்த கேள்வி இது ஒன்றுதான்.

டிகாக்ஸின் என்ற இதய மருந்தையும் இப்படிப் பார். 1785-இல் வில்லியம் விதரிங் எழுதிவைத்த டிஜிடாலிஸ் செடியின் வாரிசு அது. இதயத்தின் மேலறை தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் அது துடிப்பைக் குறைப்பது பெரிதும் வேகஸைத் தூண்டித்தான். படுத்திருக்கும் நோயாளிக்கு 78 என்று சார்ட்டில் எழுதிவிட்டுத் திருப்தியாகப் போவோம். அவரே எழுந்து பாத்ரூமுக்கு நடந்தால் 130. நடக்கும்போது வேகஸ் விலகிக்கொள்கிறது, டிகாக்ஸினுக்குப் பிடித்துக்கொள்ள ஆளில்லை. பீட்டா பிளாக்கர் நடக்கும்போதும் பிடிக்கும்.

கரி_படிந்த_டிரம்

பிசியாலஜி கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் நாளில் தவளை இதயம் பிராக்டிகல் உண்டு. சுழலும் டிரம்மில் புகை பிடித்த காகிதம் சுற்றியிருக்கும், இதயத்தில் கோத்த நூல் ஒரு நெம்புகோலை அசைக்க, அதன் முனை கரியில் வெள்ளைக் கோடாகக் கீறிக்கொண்டே போகும். ஒரு துளி அசிட்டைல்கோலின் விட்டால் மலை மலையாக இருந்த கோடு தரையோடு படுத்துவிடும். அட்ரோபின் விட்டுவிட்டு மறுபடி அதே துளியை விட்டால் ஒன்றும் நடக்காது. இருநூறு பக்கம் படித்தாலும் மனதில் நிற்காதது அந்த ஒரு கோட்டில் நின்றுவிடும்.

வேகஸைத் தூண்டினால் இதயம் நிற்கும் என்று வெபர் சகோதரர்கள் 1845-லேயே காட்டிவிட்டார்கள். நரம்பு அதை மின்சாரமாகச் செய்கிறதா, ரசாயனமாகச் செய்கிறதா என்பதுதான் தெரியாமல் இருந்தது. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஓட்டோ லோவி 1921-இல் வெளியிட்ட சோதனை அதைத் தீர்த்தது. ஒரு தவளை இதயத்தின் வேகஸைத் தூண்டிவிட்டு, அதனுள் இருந்த உப்புநீரை எடுத்து இரண்டாவது இதயத்தில் விட்டார். நரம்பே தொடாத அந்த இரண்டாவது இதயமும் மெதுவாகியது. அந்தப் பொருளுக்கு அவர் வாகுஸ்ஷ்டோஃப் என்று பெயர் வைத்தார், அதுதான் அசிட்டைல்கோலின். 1936-இல் ஹென்றி டேலும் அவரும் நோபல் பகிர்ந்துகொண்டார்கள். இரண்டு வருடத்தில் நாஜிகள் ஆஸ்திரியாவுக்குள் வந்து அவரைச் சிறையில் போட்டு, பரிசுப் பணத்தையும் பிடுங்கிக்கொண்டுதான் நாட்டை விட்டு விட்டார்கள்.

இந்தச் சோதனையைத் திரும்பச் செய்த பலருக்கு முதலில் சரியாக வரவில்லை. தவளையில் வேகஸும் பரிவு நரம்பும் ஒரே கட்டாக வருவதால், கட்டைத் தூண்டினால் இரண்டும் சேர்ந்தே தூண்டப்படும். குளிர்காலத் தவளையில் மெதுவாக்கும் இழைகள் ஓங்கியிருக்கும், வெயில் காலத்தில் வேகமாக்கும் இழைகள் ஓங்கிவிடும். நண்பர் ஸ்டெத் கேட்கிற அதே கேள்வி அங்கேயும் நிற்கிறது பாருங்கள்.

ஓட்டக்காரன்

மாரத்தான் ஓடுகிறவன். எனக்குக் காலையில் 44 தான் இருக்கும், ஒரு கிறுகிறுப்பும் இல்லை. ஆபீஸ் மெடிக்கல் செக்கப்பில் ஒவ்வொரு வருடமும் எதிரில் இருக்கும் டாக்டர் முகம் மாறும். அப்புறம் ஒரு கேள்வி. துப்பாக்கிச் சுடும் போட்டியில் இந்த பீட்டா பிளாக்கரைத் தடை செய்திருக்கிறார்களாமே, ஏன்?

பழைய_ஸ்டெத்

44-இல் நன்றாக இருக்கிறீர்கள் என்றால் நன்றாகவே இருக்கிறீர்கள். எண்ணை வைத்து வைத்தியம் கிடையாது, ஆளைப் பார்த்துத்தான். பயிற்சி பெற்றவர்களுக்கு வேகஸ் ஓங்கியிருப்பதால்தான் இப்படி என்று முன்பு சொன்னோம். அது பாதிக் கதைதான். பயிற்சியில் கணுவின் தன்வேகமே இறங்குகிறது. ஓட்டக்காரருக்கு அட்ரோபின், பீட்டா பிளாக்கர் இரண்டையும் கொடுத்து நரம்புகளை விலக்கிப் பார்த்தாலும் மற்றவர்களை விடத் துடிப்பு குறைவாகவே இருக்கும்.

துப்பாக்கி விஷயத்துக்கு வருவோம். பதற்றத்தில் கை நடுங்குவதும் நெஞ்சு படபடப்பதும் பீட்டா ஏற்பிகளின் வேலை. மாத்திரை போட்டால் கை நிற்கும், இரண்டு துடிப்புக்கு நடுவே விசையை அழுத்த அவகாசம் கிடைக்கும். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வட கொரியாவின் கிம் ஜாங்-சு வென்ற வெள்ளியும் வெண்கலமும் புரோபிரனலால் இருந்ததற்காகப் பறிக்கப்பட்டன. உங்கள் மாரத்தானுக்கு அதே மாத்திரை கேடு. வேகம் ஏற வேண்டிய நேரத்தில் ஏறவிடாது.

மேடைப்பயம்

நான் பாட்டுக் கச்சேரிக்கு முன்னால் புரோபிரனலால் 10 போடலாமா என்று நினைக்கிறேன். ஒரு தோழி போடுகிறாள், கை நடுங்குவதே இல்லையாம். மெடிக்கலில் கேட்டாலே கொடுத்துவிடுகிறார்கள்.

பழைய_ஸ்டெத்

மேடைக்கு அது வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் மெடிக்கலில் கேட்டு வாங்காதீர்கள். சின்ன வயதில் வீசிங் இருந்ததா என்று கடைக்காரர் கேட்க மாட்டார். புரோபிரனலால் இதயத்தோடு நிற்காது, மூச்சுக்குழாயின் பீட்டா2 ஏற்பியையும் அடைத்துவிடும். ஆஸ்துமாக்காரர் மேடையிலேயே மூச்சுத் திணறுவார், கையில் இருக்கும் இன்ஹேலரும் சரியாகக் கேட்காது. இன்சுலின் போடுகிறவருக்கு வேறொரு சிக்கல். சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பை இது மறைத்துவிடும். வியர்வையை மட்டும் மறைக்காது. வியர்வைச் சுரப்பிக்குப் போவது பரிவு நரம்புதான் என்றாலும் அதன் முனையில் வருவது அசிட்டைல்கோலின். அதனால் பீட்டா பிளாக்கர் சாப்பிடும் சர்க்கரை நோயாளிகளிடம், படபடப்பை எதிர்பார்க்காதீர்கள், சட்டை நனைந்தால் உடனே சர்க்கரை பாருங்கள் என்று சொல்வேன்.

எப்போதாவது ஒன்று என்பது தினசரி ஆகிவிட்டால், பிறகு பட்டென்று நிறுத்தக் கூடாது. பல வாரம் அடைத்து வைத்தால் உடம்பு புது பீட்டா ஏற்பிகளை முளைக்க வைத்திருக்கும். அடைப்பை எடுத்ததும் சாதாரண அட்ரினலினுக்கே இதயம் தறிகெட்டு ஓடும். இதயத் தமனி அடைப்பு உள்ளவர்களுக்கு நெஞ்சுவலி, மாரடைப்பு வரை போயிருக்கிறது. பிபிக்குக் கொடுக்கும் குளோனிடினுக்கும் இந்தக் குணம் உண்டு.

கோவைக்காரி

நன்றி சார். இரண்டு டாக்டருக்கும் பேசினேன். கண் டாக்டர் டைமோலாலை நிறுத்தி லட்டானோப்ராஸ்ட் எழுதினார், ராத்திரி மட்டும் ஒரு சொட்டு. மெட்டோபுரொலாலை இதய டாக்டர் பாதியாக்கி, 24 மணி நேரம் ஈசிஜி பதியும் ஹோல்டர் மாட்டிப் பார்த்தார். கணு மந்தம்தான், ஆனால் நடுவில் நின்று நின்று போகவில்லை, பேஸ்மேக்கர் இப்போது வேண்டாம் என்றிருக்கிறார். துடிப்பு அறுபதுக்கு மேல் வந்துவிட்டது. அம்மா மாடிக்குத் துணி காயப்போட ஏறுகிறார், திட்டினாலும் கேட்பதில்லை.

பழைய_ஸ்டெத்

நல்லது. ஒரு விஷயம் மட்டும். கிளாகோமாவுக்கு இரண்டு மருந்து கலந்த பாட்டில்கள் நிறைய உண்டு, பலவற்றில் டைமோலால் ஒளிந்திருக்கும். இனி எந்தக் கண் டாக்டரிடம் போனாலும் இதைச் சொல்லுங்கள்.

மயக்க_ஊசி

நல்ல இழை, தாமதமாகப் பார்த்தேன். நான் மயக்கவியல். எங்கள் வேலையே இந்த இரண்டு நரம்போடு மல்லுக்கட்டுவதுதான்.

கண் பேச்சு வந்ததால் ஒன்று. மாறுகண் அறுவையில் மருந்தே இல்லாமலும் கண் இதயத்தை நிறுத்தும். சர்ஜன் கண் தசையைக் கொக்கியில் மாட்டி இழுப்பார். மானிட்டரின் டிக் டிக் சத்தம் 110-இலிருந்து இடைவெளி விட்டு விட்டுப் போகும். “சார், விடுங்க” என்று நாங்கள் கத்துவோம். கொக்கியைத் தளர்த்தினால் இரண்டு நொடியில் பழையபடி. முகத்தின் உணர்வு நரம்பான ட்ரைஜெமினல் வழியாகச் செய்தி மூளைக்குப் போய், வேகஸ் வழியாக இதயத்துக்குத் திரும்புகிறது. குழந்தைகளுக்கு வேகஸ் ஓங்கியிருப்பதால் அவர்களுக்குத்தான் அதிகம். மறுபடி இழுத்தாலும் வருகிறது என்றால் அட்ரோபின்.

அட்ரோபினிலும் ஒரு குறும்பு உண்டு. இங்கே ஆம்பியூலில் 0.6 மில்லிகிராம் இருக்கும். பயந்துகொண்டே பெரியவருக்குக் கால் ஆம்பியூல் ஏற்றினால் துடிப்பு ஏறாமல் இன்னும் இறங்கிக்கூடப் போகலாம். கொடுத்தால் ஒழுங்காக அரை மில்லிகிராமுக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்று எங்களுக்கு முதல் வாரமே சொல்லிவிடுவார்கள்.

இதயத்தைத் தொடாமலே துடிப்பை இறக்கும் மருந்தும் இருக்கிறது. சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்டதும் தாயின் பிபி இறங்கும். ஃபினைலெஃப்ரின் கொடுத்தால் அது ரத்தக்குழாயின் ஆல்ஃபா1 ஏற்பியைப் பிடித்துக் குழாயை இறுக்குகிறது, பிபி ஏறுகிறது. கழுத்துத் தமனியில் இருக்கும் அழுத்த உணரிகள், பிபி ஏறிவிட்டது என்று மூளைக்குச் சொல்ல, மூளை வேகஸை முடுக்கிவிடும். துடிப்பு 90-இலிருந்து 55. மருந்து போன இடம் ஒன்று, துடிப்பு மாறிய காரணம் வேறு. அறுவை முடிந்து தசைத் தளர்வை எடுக்க நியோஸ்டிக்மின் கொடுப்போம், அது உடம்பெங்கும் அசிட்டைல்கோலினைப் பெருக்கிவிடும். அதனால் இதயத்தைக் காக்க, அட்ரோபின் மாதிரி வேலை செய்யும் கிளைகோபைரோலேட்டைச் சேர்த்தே ஏற்றுவோம்.

நல்லூர்_தாதி

யாழ்ப்பாணப் பக்கத்தில் வைத்தியசாலையில் வேலை செய்கிறேன். நியோஸ்டிக்மின் பற்றிக் கதைத்தபடியால் சொல்கிறேன். தோட்டத்துக்குப் பூச்சி மருந்து அடித்துவிட்டு வருகிற ஆட்களில் நாங்கள் பார்ப்பதும் இதே விஷயம், ஆனால் அளவு கடந்தது. பூச்சி மருந்தில் இருக்கிற ஆர்கனோபொஸ்பேற், அசிட்டைல்கோலினை அழிக்கும் நொதியையே முடக்கிவிடும். வாயால் நுரை, உடம்பெல்லாம் வியர்வை, கண்மணி ஊசிமுனை போல, நெஞ்சுக்குள்ளே கரகரப்பு. அற்றோபின் ஏற்றி, ஐந்து நிமிடத்துக்கொரு தடவை அளவை இரட்டிப்பாக்கிக்கொண்டு போவோம். நெஞ்சு தெளிய வேண்டும், துடிப்பு 80-க்கு மேலே வர வேண்டும், மேல் பிறஷர் 80-க்கு மேலே நிற்க வேண்டும், கக்கம் காய வேண்டும். நான் கையுறையைக் கழற்றி, கையைத் துடைத்துவிட்டு, புறங்கையைக் கக்கத்தில் வைத்துத்தான் பார்ப்பேன். கையுறையோடு ஈரம் பிடிபடாது.

புதிதாக வரும் வைத்தியர்கள் தயங்குகிற இடம் ஒன்று இருக்கிறது. சிலர் துடிப்பு 120-உடன் வருவார்கள். அசிட்டைல்கோலின் பரிவு நரம்பின் முடிச்சுகளையும் தூண்டும், மூச்சு அடைத்தாலும் துடிப்பு ஏறும். ஏற்கெனவே ஓடுகிற இதயத்துக்கு அற்றோபின் எதற்கு என்று கேட்பார்கள். நெஞ்சு ஈரமாக இருந்தால் கொடுக்கத்தான் வேண்டும். கூடிப்போனாலும் அடையாளம் உண்டு. காய்ச்சல் ஏறும், குடல் சத்தம் நின்றுவிடும், பெட்ஷீற்றைப் பிய்த்துக்கொண்டு பிதற்றுவார்கள். அப்போது நிறுத்தி, பிறகு குறைந்த அளவில் தொடங்குவோம்.

தேனி_மிளகு

அக்கா சொன்ன கடைசி அடையாளம் அப்படியே ஊமத்தை தின்ற ஆளுக்குச் சொல்வது மாதிரி இருக்கிறது. எங்கள் ஊரில் இழுப்புக்கு ஊமத்தை இலையைக் காயவைத்துப் புகை பிடிப்பார்கள். தாத்தாவுக்குக் கேட்டது என்று அப்பா சொல்வார்.

பழைய_ஸ்டெத்

ஒரே சரக்குதான். ஊமத்தையில் அட்ரோபினும் ஹையோசினும் இருக்கின்றன. வேகஸ் மூச்சுக்குழாயைச் சுருக்குவதைத் தடுப்பதால் இழுப்பு குறையும், தாத்தாவுக்குக் கேட்டதில் வியப்பில்லை. இப்போது இன்ஹேலரில் வரும் இப்ராட்ரோபியம் அந்த வழியில் வந்த மருந்துதான், ஆனால் அது நுரையீரலை விட்டு ரத்தத்துக்குப் பெரிதாகப் போகாது. ஊமத்தையில் இலைக்கு இலை, விதைக்கு விதை அளவு மாறும். ஒரு நாள் இழுப்பு நிற்கும், இன்னொரு நாள் துடிப்பு 140-உம் பிதற்றலுமாகத் தூக்கிக்கொண்டு வருவார்கள். வேண்டவே வேண்டாம்.

குழந்தை_வார்டு

விஷம் என்று வந்துவிட்டதால் செந்தேளை விட்டுவிட்டுப் போக மனமில்லை. புதுச்சேரி, தமிழ்நாடு, ஆந்திரா, மகாராஷ்டிரா எல்லா இடத்திலும் இருக்கிறது. கொட்டினால் முதலில் எதிர்ப்பரிவு நரம்பு தூண்டப்பட்டு வாந்தி, எச்சில், வியர்வை, சில சமயம் மெதுவான துடிப்பு. கொஞ்ச நேரத்தில் பரிவு நரம்பு கட்டவிழ்ந்துவிடும். துடிப்பு 160, 170, கைகால் பனிக்கட்டி, பிபி ஏறி, பிறகு இதயம் சோர்ந்து நுரையீரலில் நீர் கோத்துவிடும். கையைத் தொட்டுப் பார்ப்பதுதான் எங்கள் முதல் பரிசோதனை. அழுகிற பிள்ளையின் கை சூடாக இருந்தால் கொஞ்சம் மூச்சு விடலாம்.

மகாராஷ்டிராவில் மகாட் என்ற ஊரில் டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர், பிபிக்குப் புழங்கிய பிரசோசின் மாத்திரையை இதற்குக் கொடுத்துப் பார்த்து 1986-இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார். அது ஆல்ஃபா ஏற்பியைத் தடுத்து, இறுகிய குழாய்களைத் தளர்த்துகிறது. கிலோவுக்கு 30 மைக்ரோகிராம். அதற்கு முன்னால் கடுமையாகக் கொட்டு வாங்கியவர்களில் நூறுக்கு முப்பது பேர் வரை இறந்துகொண்டிருந்தார்கள்.

துடிப்பு 170 இருக்கிறதே, பீட்டா பிளாக்கர் கொடுத்து இறக்கலாமே என்று தோன்றும். கூடாது. இறுகிய குழாய்க்கு எதிராகத் திணறித் தள்ளிக்கொண்டிருக்கும் இதயத்தின் வலுவையும் பிடுங்கிவிடும். எச்சிலையும் வியர்வையையும் பார்த்து அட்ரோபின் ஏற்றுவதும் அநேகமாகத் தப்பு, ஓடுகிற இதயத்தை இன்னும் ஓடவிடும். பூச்சிமருந்துக்காரருக்கு உயிர் கொடுக்கும் அதே ஊசிதான்.

இரண்டாம்_ஆண்டு

சார், கடைசியாக ஒன்று. இதய மாற்று செய்தவர்களுக்கு நரம்பையே வெட்டிவிடுகிறார்களே. அவர்களுக்கு இந்த மருந்துகள் எப்படி வேலை செய்யும்?

மயக்க_ஊசி

நல்ல கேள்வி, சென்னையில் வேலை பார்த்தால் உனக்கு நிஜமாகவே தேவைப்படும். மாற்று இதயம் சும்மா இருக்கும்போதே 90, 100 துடிக்கும், ஸ்டெத் சார் முதலில் சொன்ன தன்வேகம் அதுதான். துடிப்பு குறைந்தால் அட்ரோபின் கொடுத்துப் பயனில்லை, தடுப்பதற்கு அங்கே வேகஸே இல்லை. நரம்பு முனையைக் கசக்கி நார்அட்ரினலினை வெளியே தள்ளும் எஃபிட்ரின் மாதிரி மருந்துகளும் பெரிதாகக் கேட்காது. நேரடியாக ஏற்பியில் போய் உட்காரும் அட்ரினலின், ஐசோப்ரினலின் நன்றாகக் கேட்கும், மின்தூண்டல் கொடுக்கும் பேஸிங் கேட்கும். வேகத் துடிப்பை அடக்கக் கொடுக்கும் அடினோசினுக்கு மாற்று இதயம் அளவுக்கு மீறிப் பணியும், அதனால் மிகக் குறைந்த அளவில்தான் தொடங்குவோம். காலம் போகப் போகச் சிலருக்கு நரம்பு கொஞ்சம் திரும்ப முளைக்கும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்.

இரண்டாம்_ஆண்டு

அப்போது பீட்டா பிளாக்கர் கொடுத்தால் ஒன்றும் ஆகாதா?

மயக்க_ஊசி

ஆகும், நடக்கும்போது நன்றாகவே ஆகும். நரம்பு இல்லாத இதயம் வேகமெடுக்க அட்ரினல் சுரப்பியிலிருந்து ரத்தத்தில் வரும் அட்ரினலினைத்தான் நம்பியிருக்கிறது. அதனால்தான் அவர்களுக்கு நடக்க ஆரம்பித்துச் சில நிமிடம் கழித்துத்தான் துடிப்பு ஏறும், உட்கார்ந்த பிறகும் உடனே இறங்காது. பீட்டா பிளாக்கர் கொடுத்தால் அந்த ஒரே வழியும் அடைபட்டு, பத்து நிமிடம் நடப்பவர் ஐந்து நிமிடத்தில் உட்கார்ந்துவிடுவார். வேறு காரணத்துக்காகக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் குறைந்த அளவில் ஆரம்பித்து, ஆளை நடக்க வைத்துப் பார்த்த பிறகுதான் கூட்டுவார்கள்.